ஃபோக்கஸ்: நடுக்கோடு நடுவுல நிக்கணும்

வணக்கம். டெலஸ்கோப்புல கேமரா மாட்டி நட்சத்திரங்களைப் படம் எடுக்கிறதுல, இன்னைக்கு ஃபோக்கஸ் மட்டும்தான். மத்த குறைகளை ஓரளவுக்கு கம்ப்யூட்டர்ல சரி பண்ணிக்கலாம். ஃபோக்கஸ் போன படம் போனதுதான்.

இது எட்டு இஞ்ச் நியூட்டோனியன், அதாவது கண்ணாடி வெச்ச டெலஸ்கோப். குவியத்தூரம் 1000 மி.மீ., அதை வாய் அகலத்தால வகுத்தா எஃப் 5. இதுல ஃபோக்கஸ் கெடாம கேமரா சென்சார் முன்னபின்ன நகர இடம் மொத்தமே 67 மைக்ரான். கிட்டத்தட்ட ஒரு தலைமுடி பருமன். எஃப் 4-க்குப் போனா 43 ஆயிடும், எஃப் 10-ல 268. எஃப் எண்ணோட வர்க்கக் கணக்கு அது. அதனாலதான் வேகமான டெலஸ்கோப், அதாவது எஃப் எண் சின்னதா இருக்கிறது, இவ்வளவு படுத்துது.

குழாயை வெளிய வெச்சு ஒரு மணி நேரம் ஆறவிடுங்க. அப்புறம் நல்லா உயரத்துல இருக்கிற பிரகாசமான நட்சத்திரமா பிடிங்க. திருவாதிரை, ரோகிணி, சுவாதி, எது மேல இருக்கோ அது. அகத்தியர் நட்சத்திரம் பளிச்சுன்னு இருக்கேன்னு அதுக்குப் போகாதீங்க. தமிழ்நாட்டுல அது எவ்வளவு ஏறினாலும் 30 டிகிரியைத் தாண்டாது. அந்த உயரத்துல காத்து அலைபாயும், கோடு ஆடும்.

இப்ப பாஹ்டினோவ் மாஸ்க், அதாவது ஃபோக்கஸ் பார்க்கறதுக்குன்னு கீத்து கீத்தா வெட்டின மூடி. டெலஸ்கோப் முன்வாயில மாட்டி, கேமராவுல ஐஎஸ்ஓ 1600, மூணு செகண்ட். ஒரு படம் எடுத்து முழுசா பெருசாக்கிப் பாருங்க. பெருக்கல் குறி மாதிரி ரெண்டு கோடு, குறுக்கே மூணாவது ஒண்ணு. இதோ பாருங்க, அந்த மூணாவது கோடு கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கு. ஃபோக்கஸ் பண்ற சின்னக் குமிழை, பெரிய குமிழுல பத்துல ஒரு பங்குதான் நகர்த்துற அந்தப் பத்துக்கு ஒண்ணு குமிழை, லேசா திருப்பறேன். கையை எடுத்து அஞ்சு செகண்ட் பொறுத்து அடுத்த படம். இப்ப நடுவுக்கு வந்துடுச்சு.

கடைசித் திருப்பம் எப்பவும் கேமரா எடைக்கு எதிர்த் திசையில இருக்கட்டும். தாண்டிட்டா, நல்லா பின்னாடி போய்த் திரும்ப வாங்க. இல்லன்னா பல்சக்கரத்துல இருக்கிற தளர்வு அப்படியே நிக்கும், கேமரா பாரத்துல மெதுவா வழுக்கும்.

நிறைய பேர் கோட்டை விடறது இதுக்கப்புறம்தான். ஃபோக்கஸைப் பூட்டுற ஸ்க்ரூவை முறுக்கினதும் கேமரா மாட்டின குழல் கொஞ்சம் சாயும், நடுக்கோடு ஒதுங்கிடும். அதனால ஸ்க்ரூவை முதல்லயே முக்கால்வாசி இறுக்கிட்டு ஃபோக்கஸ் பண்ணுங்க. முழுசா பூட்டின பிறகு கண்டிப்பா இன்னொரு படம் எடுத்துப் பாருங்க. எந்தப் படத்தையும் ஒண்ணை மட்டும் நம்பாதீங்க, மூணு எடுங்க.

மாஸ்க்கைக் கழட்ட மறந்துடாதீங்க.

ராத்திரி ஏற ஏற குளிரும். இரும்புக் குழாய் மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 12 மைக்ரான் சுருங்கும். அலுமினியம் அதுல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. இரும்புலயே மூணு டிகிரி இறங்கினா உங்க 67-ல பாதி போயிடும். அதனால ரெண்டு டிகிரிக்கு ஒரு தடவை மாஸ்க்கை மாட்டிப் பார்த்துடுங்க.

நட்சத்திரம் ஊதிப்போச்சுன்னு உடனே குமிழைத் தொடாதீங்க. மாஸ்க் போட்டுப் பாருங்க. கோடு நடுவுல சரியா நின்னு, சுத்தி மட்டும் புகை மாதிரி வட்டம் தெரிஞ்சா அது பனி. குழாய் முன்வாய்க்கிட்ட இருக்கிற சின்னக் கண்ணாடியில டார்ச் அடிச்சுப் பாருங்க, ஆவி படிஞ்சிருக்கும். துடைக்காதீங்க, கீறல் விழும். ஹேர் டிரையரைக் குறைஞ்ச சூட்டுல தள்ளிப் பிடிச்சுக் காட்டுங்க. கண்ணாடி சூடாயிருக்கும், கொஞ்சம் ஆறவிட்டு மறுபடி மாஸ்க்கைப் போட்டு, நடுக்கோடு நின்ன இடத்துலயே நிக்குதான்னு பார்த்துட்டு எடுக்க ஆரம்பிங்க.