இறைக்கிற கிணறும் பூட்டிய மடுவமும்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டதால், பேசியபடியே எழுதித் தருகிறேன்.

எல்லோருக்கும் வணக்கம். கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் அதிபர் அவர்களே, மண்டபத்தின் கூரை ஒழுகுகிறது என்று தெரிந்தும் "பரவாயில்லை, நடத்துவோம்" என்று சொன்ன பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தாரே, இரண்டு பஸ் மாறி மழையில் நனைந்து வந்திருக்கும் ஆசிரிய ஆலோசகர் அவர்களே, கோயில் தலைவர் ஐயா அவர்களே, இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலும் பூசையை முடித்துவிட்டு நேராக இங்கே வந்த பாதர் அவர்களே, வலது பக்கம் உட்கார்ந்திருக்கும் தோட்டத் தலைவர்மாரே, மாதர் சங்கத் தலைவி அக்கா அவர்களே, தோட்ட முகாமையாளர் சார்பில் வந்திருக்கும் வெல்பெயார் ஆபிஸர் தம்பி அவர்களே, அம்மாமாரே, ஐயாமாரே, பின் வாங்கில் நெருக்கி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் மன்னிக்க வேண்டும்.

"டிஜிட்டல் காலத்தில் அறிவு எல்லோருக்கும்" என்பது எனக்குத் தந்த தலைப்பு. மூன்று விடயங்கள் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். முதலாவது, அறிவைப் பூட்டி வைக்கக்கூடாது என்று உலகத்தில் நடக்கிற முயற்சி. இரண்டாவது, இணையவழிப் படிப்பு. மூன்றாவது, கொழுந்து நிறுக்கிற கொட்டகை, நாம் மடுவம் என்போமே, அப்படிப் பூட்டிக் கிடக்கிற ஒன்றைப் பற்றிய வேண்டுகோள்.

எங்கள் பாட்டி அடிக்கடி ஒன்று சொல்வார். இறைக்கிற கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும். நமக்கு இங்கே கிணறு இல்லை, மலைத் தண்ணீர் வந்து விழுகிற பீலிதான். ஆனாலும் பாட்டி கிணறு என்றுதான் சொல்வார், அவருடைய அம்மா தமிழ்நாட்டிலிருந்து கொண்டு வந்த வார்த்தை அது. நான் முப்பது வருடம் வகுப்பறையில் நின்றவன். அறிவைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நம்முடைய கதையை அறிந்தவர்களுக்கு ஒன்று தெரியும், இந்த மலையில் அறிவு வாசல்வரை வந்து நின்றுவிடும். கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரா கொண்டு வந்த இலவசக் கல்வி 1945 இல் நாட்டுக்கு வந்தது. நாட்டுக்கு வந்தது, தோட்டத்துக்கு வரவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்தது எழுபதுகளில்தான். முப்பது வருடம்! ஒரு முழுத் தலைமுறை மடுவத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டியது. அதற்கும் முன்னால் போங்கள். வெளியாள் தோட்டத்துக்குள் காலடி வைக்க முடியாத காலத்தில் தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் புடவை வியாபாரி மாதிரி மூட்டையைத் தூக்கிக்கொண்டு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குள் வந்தார் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பத்திரிகை நடத்திய மனிதர், நாலு வார்த்தை பேசுவதற்குப் புடவை மூட்டை சுமக்க வேண்டியிருந்தது. அறிவு இங்கே வேடம் போட்டுத்தான் வர வேண்டியிருந்தது.

இப்போது வேடம் தேவையில்லை, வானத்திலிருந்து வருகிறது என்கிறார்கள். சரி, வருகிறதா என்று பார்ப்போம்.

2020 மார்ச் மாதம் பாடசாலைகளை மூடினார்கள். படிப்பு போனுக்குள் போனது. அப்போது நடந்த ஒன்றைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக் கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, உயர்தரம், பௌதிகவியல் படித்தாள். பெயரும் தோட்டமும் வேண்டாம். அம்மா கொழுந்து எடுக்கிறவர், அப்பா இல்லை, அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் நின்றான். வீட்டில் ஒரே போன், அதன் கண்ணாடியும் வெடித்தது. லயத்துக்குள் சிக்னல் கிடையாது. மேலே ஏழாம் நம்பர் மலையில், ஒரு டர்பன்டைன் மரத்தடியில் நின்றால் இரண்டு கோடு வரும். அந்தப் பிள்ளை கொழுந்துப் படங்கு ஒன்றைத் தலையில் போட்டுக்கொண்டு, காலில் அட்டை ஏறாமல் சவர்க்காரம் பூசிக்கொண்டு, தினமும் அந்த மரத்தடிக்குப் போகும். அம்மா மலையில் இருந்து வந்து போனைக் கொடுத்தால்தான் வகுப்பு. கீழ்நாட்டில் ஒரு டியூசன் ஆசிரியர் வட்சப் குழுவில் குறிப்பு போடுவார், மாதக் காசு கட்டினால். இரண்டு மாதம் கட்டினார்கள். மூன்றாம் மாதம் அண்ணன் நின்ற கடையும் மூடிவிட்டது. அடுத்த நாள் இரவே பிள்ளையைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். மரத்தடியில் நின்று போனைத் திறந்தபோது தன் பெயர் இல்லை. அன்றைக்கு அழுததை அந்த அம்மா என்னிடம் சொன்னபோது எனக்கும் கண் கலங்கியது.

நல்ல வேளையாக, அவளுக்கு முன்பு படிப்பித்து மாற்றலாகிப் போன ஓர் ஆசிரியர் இருந்தார். அவருக்கு ஒரு செய்தி அனுப்பினாள். மனிதர் தான் வருடக்கணக்காகக் கையால் எழுதி வைத்திருந்த குறிப்பு முழுவதையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பினார், எண்பத்து நான்கு பக்கம். கடைசியில் ஒரு வரி: "யாருக்கு வேண்டுமானாலும் குடும்மா, பிழை இருந்தா திருத்து."

போனில் பார்த்துப் படிக்க முடியாது, போன் காலையில் அம்மாவோடு மலைக்குப் போய்விடும். படம் எடுத்து அச்சடிக்க டவுனுக்குப் போக முடியாது, ஊரடங்கு. அதனால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒரு சீ.ஆர். கொப்பியில் கையால் எழுதினாள். பதினோரு நாள். எழுதி முடித்த கொப்பி அடுத்த லயத்துக்குப் போனது, அங்கே ஒரு பையன் பார்த்து எழுதினான். அங்கிருந்து மேல் டிவிஷன், அங்கிருந்து பக்கத்துத் தோட்டம். மரக்கறி லொறியில் ஒருமுறை போயிற்றாம். நான்கு மாதம் கழித்து அந்தக் கொப்பி அவளிடம் திரும்பி வந்தது.

அந்தக் கொப்பி இதோ இந்த மேசையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வந்து பாருங்கள். முப்பத்தோராம் பக்கத்தை முக்கியமாகப் பாருங்கள். சாய்வாக எறிந்த பந்து எவ்வளவு தூரத்தில் போய் விழும் என்கிற கணக்கு அது. தூக்கக் கலக்கத்தில் எழுதியபோது சைன் இரண்டு தீட்டா என்று வர வேண்டிய இடத்தில் இரண்டை விட்டுவிட்டாள். ஓரத்தில் பென்சிலால், யாரென்று இன்றைக்கும் தெரியாத ஒரு பிள்ளை எழுதியிருக்கிறது: "இப்படிப் போட்டால் 90 பாகையில்தான் கூடத் தூரம் வரும். நேர மேலே எறிந்த பந்து எப்படித் தூரம் போகும்? இரண்டைச் சேர்த்துப் போடு, 45 வரும்." அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்து, நீல மை: "சரி. செய்து பார்த்தேன்." அதற்கும் கீழே ஒருவர் கடந்தகால வினாத்தாளில் இந்தக் கணக்கு எந்த வருடம் வந்தது என்று குறித்திருக்கிறார். பக்கத்துக்குப் பக்கம் இப்படி. போனபோது ஒருத்தி எழுதிய கொப்பி, வந்தபோது ஊரே எழுதிய கொப்பி. தேய்ந்து வரவில்லை, வளர்ந்து வந்தது. இறைக்கிற கிணறு ஊறும் என்பதை நான் கண்ணால் பார்த்தது அந்த முப்பத்தோராம் பக்கத்தில்தான்.

இப்போது உலகத்தைப் பாருங்கள். அந்த ஆசிரியர் ஒரு வரியில் சொன்னதைத்தான் சட்ட மொழியில் "கிரியேட்டிவ் கொமன்ஸ்" உரிமம் என்று 2002 இல் எழுதி வைத்தார்கள். எழுதியவர் பெயரைச் சொல், எடுத்துக்கொள், பகிர், திருத்து. 2001 கடைசியில் புடாபெஸ்ட் நகரத்தில் கூடிய அறிஞர்கள், ஆராய்ச்சிக் கட்டுரைகள் இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று அதே 2002 இல் பிரகடனம் வெளியிட்டார்கள். திறந்த அணுக்கம் என்று இப்போது நாம் சொல்வது அதைத்தான். அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தன் பாடங்களை இலவசமாக இணையத்தில் போடப்போவதாக 2001 இல் அறிவித்தது. நம் ஆட்கள் அதற்கும் முந்தியவர்கள்: மதுரைத் திட்டம் 1998 இலேயே தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து உலகத்துக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டது. தமிழ் விக்கிப்பீடியா 2003. நம் நாட்டில் நூலகம் என்கிற எண்ணிம நூலகம் 2005. சம்பளம் வாங்காத ஆட்கள் ராத்திரி கண் விழித்துச் செய்த வேலை இதெல்லாம். நூலகத்தில் போய்த் தேடுங்கள், மலையகத்தில் அச்சான எத்தனையோ பழைய புத்தகமும் சஞ்சிகையும் அதில் இருக்கின்றன. ஒரே இடத்தில் பூட்டி வைப்பது என்றால் என்னவாகும் என்பதை 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது பார்த்துவிட்டோம். 97,000 புத்தகங்கள் என்கிறார்கள். நாலு பேர் கையில் பிரதி இருந்தால் நெருப்பு என்ன செய்யும்?

இதோ, பிரதேச சபை உறுப்பினர் அவர்கள் வந்துவிட்டார்கள். வாருங்கள் ஐயா, முன் வரிசையில் இடம் இருக்கிறது. உங்கள் வரவுக்கு நன்றி. நீங்கள் கேட்க வேண்டியதைத்தான் இனிமேல் சொல்லப் போகிறேன்.

ஒரு கோபத்தை உங்களிடம் சொல்லியாக வேண்டும். நம் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்து இருநூறு வருடம் ஆனதை 2023 இல் மலையகம் 200 என்று நினைவுகூர்ந்தோம், தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்கள். நம்மைப் பற்றி எத்தனையோ ஆய்வு நடக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் வருகிறார்கள், நம் பாட்டிமாரை லயத்து வாசலில் உட்கார வைத்துக் கேட்கிறார்கள், அவர்களும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து மனம் விட்டுச் சொல்கிறார்கள். அப்புறம் அது ஒரு கட்டுரையாக வெளிநாட்டுச் சஞ்சிகையில் வருகிறது. பல சஞ்சிகைகளில் ஒரு கட்டுரையைத் திறக்கவே முப்பது நாற்பது டொலர். 2024 இல் நிர்ணயித்த 1350 ரூபாய் நாட்சம்பளத்தில், முப்பது டொலர் என்பது ஆறேழு நாள் சம்பளமாக இருந்தது. பாட்டி சொன்ன கதையைப் பேத்தி வாசிக்க ஒரு வாரம் கொழுந்து எடுக்க வேண்டுமா? இனி யாராவது கேள்வி கேட்க வந்தால், "எழுதியதை எல்லோரும் வாசிக்கிற மாதிரி போடுவீர்களா?" என்று முதலில் நீங்கள் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

நாமும் ஒன்று செய்ய வேண்டும். மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் திரட்டி வைத்தார். அவருக்குப் பிறகு? மாசியில் காமன் கூத்து ஆடுகிற பெரியவர்கள் இந்த மண்டபத்திலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்கள் பாட்டைப் போனில் பதிந்து, பெயரைப் போட்டு, பொதுவில் வைத்தால் அது நம் பங்கு. எடுக்க மட்டும் போனால் போதாது. இறைக்காத கிணறு நாறும் என்று பாட்டி சும்மா சொல்லவில்லை.

இணையவழிப் படிப்பைப் பற்றி நிறையச் சொல்லலாம், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடசாலைப் பாடப் புத்தகங்களை இலவசமாகத் தரவிறக்கலாம் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 2022 இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிப் போட்டார்கள். அப்படி ஒரு காலம் திரும்பி வந்தால் இது கை கொடுக்கும். ஆனால் தரவிறக்க சிக்னல் வேண்டும், ரீலோட் வேண்டும், போன் வேண்டும், உட்கார்ந்து படிக்க ஒரு வெளிச்சமான இடம் வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறு பேர் படுக்கிற இடத்தில் எந்த மூலையில் படிப்பது? வாசலில் வந்து நிற்கிற இலவசம் நமக்கு ஏற்கெனவே தெரியும். 1945 இல் பார்த்தோமே.

அதனால்தான் நான் போகிற தோட்டமெல்லாம் ஒன்றையே கேட்கிறேன். இங்கேயும் கீழ் ரோட்டில் பழைய கொழுந்து மடுவம் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. தகரம் நல்ல தகரம், சுவர் நல்ல சுவர், கரண்ட் வயர் பக்கத்தில் போகிறது. அதைத் திறந்து தாருங்கள். மாலை ஐந்து மணியிலிருந்து ஒன்பது மணிவரை படிப்பகம். சிக்னலே வேண்டாம். உள்ளங்கை அளவு கணினி ஒன்று இருக்கிறது, ராஸ்பெரி பை என்பார்கள். கிவிக்ஸ் என்கிற இலவச மென்பொருளைப் போட்டால், ஒன்றரை இலட்சத்துக்கு மேல் கட்டுரை உள்ள தமிழ் விக்கிப்பீடியா முழுவதும் நகத்தளவு மெமரி கார்டில் அடங்கும். பாடப் புத்தகங்களும் கடந்தகால வினாத்தாளும் அதே கார்டில். மடுவத்துக்குள் வருகிற பிள்ளையின் போன் அதோடு வைஃபையில் சேரும், ஒரு சதம் டேட்டா போகாது. மாதம் ஒருமுறை யாராவது டவுனுக்குப் போய்ப் புதியதை இறக்கி வந்தால் போதும். இதை நானே என் வீட்டு மேசையில் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பேர் ஒரே நேரத்தில் பார்த்தார்கள், நிற்கவில்லை.

வெல்பெயார் ஆபிஸர் தம்பி, முகாமையாளருக்கு எங்கள் மரியாதையைச் சொல்லுங்கள். சாவி உங்கள் ஆபிசில்தான் இருக்கிறது என்று தலைவர்மார் சொன்னார்கள். மடுவத்தை எங்கள் பெயருக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்கவில்லை, சாயந்தரம் நான்கு மணித்தியாலம் கேட்கிறோம். பிரதேச சபை ஐயா, உங்களிடம் கேட்பது இரண்டு லைட்டும் ஒரு மீட்டர் இணைப்பும். கோயில் தலைவரும் பாதரும் ஆளுக்கு நான்கு வாங்கு தருவதாக இங்கே வரும்போதே சொல்லிவிட்டார்கள், சபையில் வைத்து நன்றி சொல்கிறேன். மாதர் சங்கத்தில் ஒருவர் ஒவ்வொரு நாளும் வந்து உட்கார்ந்தால் பொம்பளைப் பிள்ளைகளை வீட்டில் தைரியமாக அனுப்புவார்கள், அதை அக்கா பொறுப்பெடுக்கிறேன் என்றிருக்கிறார். கணினியும் கார்டும் என் பொறுப்பு.

மனு ஒன்று எழுதி அந்தக் கொப்பிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், பேனையும் இருக்கிறது. கையெழுத்து வைத்துவிட்டுப் போங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மடுவத்தடியில் நிற்பேன். சுற்றிவரப் புல் முழங்காலுக்கு மேலே நிற்கிறது, கத்தி இருக்கிறவர்கள் கொண்டு வாருங்கள். அட்டை இருக்கும், சவர்க்காரம் பூசிக்கொண்டு வாருங்கள். நன்றி, வணக்கம்.