கடலில் திறன் மிக்கது எது? ஒக்டோபஸ் அணியின் உரை

நடுவர் அவர்களே, திருகோணமலை அவையோரே, வணக்கம். ஓர்கா எனும் கொலைத் திமிங்கிலமா, இராட்சத ஒக்டோபஸா என்பது தலைப்பு. எதிரணிச் சகோதரி ஓர்காவின் ஆறு டன் எடையையும், கூட்டு வேட்டையையும், பாட்டிமாரையும் புகழ்ந்தார். பிள்ளைப்பேறு நின்ற பின்னும் பல பத்தாண்டு வாழ்ந்து, இரையான சல்மன் மீன் குறைந்த காலத்தில் கூட்டத்தை முன்னின்று நடத்தும் பாட்டிகள் அவை, மெத்தச் சரி. ஆனால் அது கூட்டத்தின் பலம். நான் தனி உயிரின் திறனைக் கேட்கிறேன்.

நம் புறாத்தீவுப் பாறைகளில் ஒளியும் பேய்க்கணவாய்க்குப் பெரிய உறவு இந்த இராட்சத ஒக்டோபஸ். ஜப்பான் முதல் அலாஸ்கா, கலிபோர்னியா வரை குளிர்நீரில் வாழ்வது. அதனிடம் ஒரு சிப்பி அகப்பட்டால் என்ன நடக்கும்? முதலில் கைகளிலுள்ள உறிஞ்சிகளால் இரண்டு ஓடுகளையும் பற்றி இழுக்கும். அசையாவிட்டால் அலகால் விளிம்பை உடைக்கும். அதுவும் பலிக்காவிட்டால், அரம் போன்ற நாக்கால் ஓட்டில் நுண்துளையிட்டு நச்சு உமிழ்நீரைச் செலுத்தும். ஓடுகளை இறுக்கிப் பிடித்திருந்த தசை தளர்ந்து சிப்பி திறந்துவிடும். பெண் ஒக்டோபஸின் ஒரு கையில் மட்டும் சுமார் 280 உறிஞ்சிகள். ஒவ்வொன்றும் தொட்டே சுவை அறியும்.

குறையையும் மறைக்க மாட்டேன். செம்பு கலந்த நீல இரத்தம் ஒட்சிசனை அவ்வளவாகச் சுமக்காது. நீந்தும்போது உடலுக்கு இரத்தம் அனுப்பும் இதயமே நின்றுபோகும். அதனால் விரைவில் களைக்கும். துரத்திப் பிடிப்பதில் ஓர்காதான் கெட்டி.

கற்பதில்? சியாட்டில் மீன்காட்சியகத்தில் ஒரே சீருடையில் இருவரை நிறுத்தினார்கள். ஒருவர் உணவு கொடுத்தார், மற்றவர் முள்ளுத்தடியால் சீண்டினார். இரண்டே வாரத்தில் ஒக்டோபஸ்கள் இருவரையும் பிரித்தறிந்தன. 2010இல் வெளியான ஆய்வு இது.

தாய்மையும் ஓர்காவின் தனிச்சொத்தல்ல. ஒக்டோபஸ் தாய் பல்லாயிரம் முட்டைகளைக் குகைக் கூரையில் சரமாகத் தொங்கவிட்டு, மாதக்கணக்கில் உண்ணாமல் நீர் பீய்ச்சிச் சுத்தம் செய்து, குஞ்சு பொரிக்கும் தறுவாயில் செத்துப்போகிறது. அரிசியளவுக் குஞ்சுக்கு வழிகாட்ட ஒருவருமில்லை. ஆயுளும் மூன்று முதல் ஐந்து ஆண்டுதான்.

2002இல் சியாட்டில் அருகே தாயில்லாமல் தனித்துத் திரிந்த ஸ்பிரிங்கர் எனும் ஓர்காக் குட்டி மெலிந்து நோயுற்றது. மனிதர் பிடித்துப் பராமரித்து, கனடாவில் அதன் உறவுக் கூட்டத்திடம் சேர்த்தார்கள். அந்தக் குட்டியின் தவிப்புக்கும் என் ஒக்டோபஸ் குஞ்சின் தனிமைக்கும் உள்ள வேறுபாட்டை அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் விளக்கட்டும்.