நாலு கோப்பையும் ஒரு செங்கல்லும்

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். எகிப்தில் அடிமைகளாக இருந்த முன்னோர் விடுபட்டதை நினைத்து யூதர்கள் கொண்டாடுவது பாஸ்கா பண்டிகை. அதில் விஞ்சி நிற்பது விடுதலையா, நீதியா? நான் நீதி அணி.

எதிரணி அண்ணன் ஒரு போடு போட்டுவிட்டு உட்கார்ந்தார். "பாஸ்கா விருந்தின் நான்கு கோப்பை திராட்சை ரசம் எங்களுக்கு, அடிமைப்பட்ட கசப்பை நினைக்கத் தின்னும் கசப்புக் கீரை நீதி அணிக்கு, மென்றுகொண்டிருங்கள்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். இருக்கட்டும். எழுதி வந்த பேச்சை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். முதலில் இந்தக் கீரைக் கணக்கைத் தீர்ப்போம்.

1862. அமெரிக்க உள்நாட்டுப் போர். இன்றைய மேற்கு வெர்ஜீனியாவில் வடக்குப் படையின் ஒஹையோ 23ஆம் ரெஜிமென்ட் முகாம். அங்கே இருபது யூதச் சிப்பாய்கள் அனுமதி வாங்கி பாஸ்கா கொண்டாடினார்கள். புளிக்காத ரொட்டி சின்சினாட்டியிலிருந்து வந்துவிட்டது. திராட்சை ரசத்துக்குப் பதில் ஆப்பிள் சைடர் என்கிற பழமது, இரண்டு பீப்பாய். விருந்து மேசையில் ஆட்டின் ஒரு பகுதியை வைப்பது முறை. எந்தப் பகுதி என்று தெரியவில்லை. முழு ஆட்டையும் வைத்துவிட்டார்கள்! எகிப்தில் அடிமைகளாகக் குழைத்த சாந்தின் நினைவாகப் பழமும் பருப்பும் சேர்த்து ஒரு கலவை வைப்பது வழக்கம். அதற்குச் சாமான் இல்லை. என்ன வைத்தார்கள் தெரியுமா? செங்கல். ஆமாம், வீடு கட்டுகிற செங்கல்!

இப்போது கீரை. காட்டில் ஏதோ ஒரு களையைப் பிடுங்கி வந்து ஆளுக்கொரு வாய் போட்டார்கள். கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. மிளகாயைக் கடித்த மாதிரி எரிச்சல் வேறு. நாலு கோப்பைதான் முறை என்பதே மறந்து சைடர் முழுவதையும் காலி செய்துவிட்டார்கள். அப்புறம்? ஒருவர், முன்னோரை எகிப்திலிருந்து மீட்டு நடத்திய தலைவர் பெயரைச் சொல்லி, "நான்தான் மோசே" என்றார். இன்னொருவர், மோசேயின் அண்ணன் பெயரைச் சொல்லி, "நான் ஆரோன்" என்றார். மூன்றாமவர்... அண்ணே, கவனியுங்கள்... "நான் பார்வோன்!" அடிமைப்படுத்திய எகிப்து மன்னனே அவன்தான். விடுவார்களா? கைகலப்பு. கடைசியில் மோசே, ஆரோன், பார்வோன் மூவரையும் தூக்கிக்கொண்டுபோய் முகாமில் கிடத்தினார்கள். கதை விடவில்லை ஐயா. அவர்களில் ஒருவரே 1866இல் பத்திரிகையில் எழுதியது.

ஆக அண்ணே, உங்கள் கோப்பை நிரம்பியதே எங்கள் கீரையால்தான்! அளவு மீறிக் குடித்தவர் என்ன ஆனார் பார்த்தீர்களா? பார்வோன் ஆனார்!

சரி, சிரித்தது போதும். அந்த இருபது பேரின் முன்னோர் காலில் இருந்த விலங்கு என்றைக்கோ அறுந்துவிட்டது. அன்று அந்த நாட்டில் ஏறக்குறைய 40 லட்சம் கறுப்பின மக்கள் அடிமைகள். அவர்களை அடிமையாக வைத்திருந்தவர்களை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கி நின்றார்களே, அதற்கு என்ன பெயர் அண்ணே?

மணி அடிக்காதீர்கள் நடுவர் ஐயா, ஒரே நிமிடம். அடிமைகளை விட மறுத்ததற்காக எகிப்தின் மேல் கடவுள் அனுப்பியதாகச் சொல்லும் பத்து வாதைகளையும், அதாவது பத்துப் பேரழிவுகளையும், விருந்தில் சொல்லும்போது, வாதைக்கு ஒரு சொட்டாகக் கோப்பையிலிருந்து ரசத்தை எடுத்துவிடுவார்கள். எகிப்தியர் பட்ட துன்பத்துக்காக நம் மகிழ்ச்சி குறையட்டும் என்று பல வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். பத்தாவது சொட்டு தலைப்பிள்ளைகளின் சாவுக்கு. சாட்டையைத் தொட்டே அறியாத ஏதோ ஓர் எகிப்தியத் தாய், விடியும்போது மடியில் பிணத்தோடு இருந்தாளே ஐயா, அவளுக்கு! தீர்ப்பு எழுதும்போது அவளையும் எங்கள் அணியில் ஒருத்தியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். வணக்கம்.