மீன் குறைந்த வருஷத்தில் சோதனை வலை எதற்கு?

நேயர்களுக்கு வணக்கம்.

அலாஸ்காவின் தென்மேற்கில் குஸ்கோக்விம் என்றொரு பேராறு பேரிங் கடலில் கலக்கிறது. அதன் கரையில் வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் யூபிக் பழங்குடியினர். ஜூன் மாதம் கடலிலிருந்து ஏறிவரும் சினூக் சால்மனைப் பிடித்து, கீறி, காயவைத்து, புகைபோட்டு வைத்தால்தான் அவர்களுக்குக் குளிர்காலம் கழியும். ஜூலையில் மழையும் ஈயும் வந்துவிடும், மீன் காயாமல் கெட்டுப்போகும். அதனால் ஜூன் மீனுக்கு ஈடாக ஆகஸ்ட் மீனைக் காட்டி யாரையும் சமாதானப்படுத்த முடியாது. அந்த ஆற்று மக்களின் வீட்டுத் தேவை ஆண்டுக்கு 67,200 முதல் 1,09,800 சினூக் வரை என்று மாநிலமே கணித்து வைத்திருக்கிறது.

2010-க்குப் பிறகு சினூக் வரத்து சரிந்துவிட்டது. அதனால் அரசு மீன்பிடிக்கத் தடை போட்ட நாளில் ஊரார் வலையைச் சுருட்டி வைத்துவிட்டுக் கரையில் நிற்கிறார்கள். அவர்கள் கண்ணெதிரே அரசுப் படகு வந்து, எவ்வளவு மீன் வருகிறது என்று அறியச் சோதனை வலை விடுகிறது. ‘நாங்கள் விட்டால் குற்றம், அவர்கள் விட்டால் ஆய்வா?’ என்ற கேள்வி எழுவது நியாயம்தான். 2012-இல் தடையை மீறி வலை விட்டவர்கள்மீது வழக்குகள் பாய்ந்தன. இது எங்கள் சமய வாழ்வோடு சேர்ந்தது என்று அவர்களில் பலர் வாதாடினார்கள், நீதிமன்றங்கள் ஒப்பவில்லை.

அந்த அரசுப் படகு என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம். ஆற்றின் வாயிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உள்ளே பெத்தல் என்ற ஊர். அங்கே 1984 முதல் ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை, கடல் ஏற்றம் முடிந்ததும் வலை விடுகிறார்கள். 50 பாகம் (ஒரு பாகம் ஆறடி) நீளமுள்ள, மீனின் செவுளில் இறுகிப் பிடிக்கும் செவுள் வலை. கண் அளவு இரண்டு வகை: பெரிய சினூக்குக்கு 8 அங்குலம், மற்ற மீன்களுக்கு 5⅜ அங்குலம். ஆற்றின் குறுக்கே குறித்து வைத்த இடங்களில், வலையை நீரோட்டத்தோடு இருபது நிமிடம் போல மிதக்கவிட்டு இழுத்துவிடுவார்கள்.

மீனை எண்ணுவதைவிட நேரத்தைக் குறிப்பதில்தான் கவனம் வேண்டும். நான்கு நேரங்களை எழுத வேண்டும்: வலை இறங்கத் தொடங்கியது, முழுதும் இறங்கியது, இழுக்கத் தொடங்கியது, முழுதும் ஏறியது. 10 மணிக்கு இறங்கத் தொடங்கி 10.03-க்கு முழுதும் இறங்கியது, 10.19-க்கு இழுக்கத் தொடங்கி 10.25-க்கு ஏறி முடிந்தது என்று வையுங்கள். வலை முழுதாக நீரில் இருந்தது 16 நிமிடம். இறக்க ஆன மூன்று நிமிடத்தில் பாதி ஒன்றரை, ஏற்ற ஆன ஆறு நிமிடத்தில் பாதி மூன்று. ஆகமொத்தம் இருபதரை நிமிடம். 100 பாகம் வலை ஒரு மணி நேரம் கிடந்திருந்தால் எத்தனை மீன் என்பதே குறியீடு. மீன் எண்ணிக்கையை 6000-ஆல் பெருக்கி, பாகத்தையும் நிமிடத்தையும் பெருக்கி வந்த தொகையால் வகுக்க வேண்டும். ஐந்து மீன் பட்டிருந்தால் 29 சொச்சம்.

இதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு மீன் கூடினால் குறியீடு கிட்டத்தட்ட ஆறு கூடும். மீன் ஏராளமாக வரும் வருஷத்தில் இது பொருட்டே இல்லை. வலைக்கு இரண்டு, மூன்று என்று வரும் வருஷத்தில், நேற்று இரண்டு, இன்று நான்கு என்பதை வைத்து ‘வரத்து இரட்டிப்பானது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தற்செயலாகவே அவ்வளவு ஆடும். ஆக, சோதனை வலை மிகவும் தேவைப்படும் வருஷத்தில்தான் அதன் பேச்சு மிகவும் குழறுகிறது.

வேறு கோளாறுகளும் உண்டு. வெள்ளத்தில் மரக்கட்டை வந்து வலையைச் சுருட்டிவிடும். சம் என்ற வேறு வகைச் சால்மன் கூட்டமாக வந்து மாட்டினால் மிதவைக் கயிறு அமிழ்ந்து, வலை தொய்ந்து, பின்னால் வரும் சினூக் விலகிப் போய்விடும். குறியீடு குறைந்ததுபோல் தெரியும். சினூக்கின் உருவமும் இப்போது சிறுத்துவிட்டது. 8 அங்குலக் கண்ணில் சின்ன மீன் நுழைந்து போய்விடுவதால், உண்மையில் குறைந்ததைவிடக் கூடுதலாகக் குறைந்ததாக அந்த வலை காட்டக்கூடும்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் ஒன்று உண்டு. அதைப் பலரும் கவனிப்பதில்லை. பெத்தலுக்குக் கீழே டுண்டுடுலியாக், நபாகியாக், நபாஸ்கியாக் போன்ற ஊர்கள் இருக்கின்றன. தொண்ணூறுகளில் இந்த ஊர்க்காரர்கள் தாராளமாகப் பிடித்ததுபோக மிஞ்சியதே சோதனை வலையில் பட்டது. இன்று கீழேயும் தடை என்பதால், ஆற்றில் நுழைந்ததெல்லாம் பெத்தல் வரை வருகிறது. அன்றைய குறியீடும் இன்றைய குறியீடும் ஒன்றாக இருந்தால், இன்று ஆற்றில் நுழைந்த மீன் குறைவு என்றுதான் பொருள். ‘பழைய அளவு வந்துவிட்டதே, ஏன் மீன்பிடிக்கத் திறக்கவில்லை?’ என்று கேட்பவர்களுக்கு அதிகாரிகள் இந்தக் கணக்கை விளக்கியிருந்தால் பாதி சண்டை தீர்ந்திருக்கும்.

அடுத்தது, தாமதமா, பற்றாக்குறையா என்ற குழப்பம். சினூக் வரத்தின் பாதி பெத்தலைக் கடப்பது ஜூன் 20-ஐ ஒட்டித்தான். ஜூன் 12-இல் குறியீடு வழக்கத்தில் பாதிதான் இருக்கிறது என்றால், மீன் பாதியாகிவிட்டதா, சில நாள் பிந்தி வருகிறதா என்று வலையால் பிரித்துச் சொல்ல முடியாது. ஜூன் கடைசியில் தெளிவு பிறக்கும். அதற்குள் பெரும்பகுதி மீன் மேலே போயிருக்கும், காயவைக்கும் வெயிலும் போயிருக்கும்.

அப்படியானால் வலையை எடுத்துவிட்டு ஒலியலைக் கருவியை மட்டும் வைக்கலாமே? 2018 முதல் பெத்தல் அருகே சோனார் இருக்கிறது. அது மீனை எண்ணும், இனம் சொல்லாது. சினூக்கும் சம்மும் சாக்ஐ என்ற இன்னொரு வகைச் சால்மனும் கலந்து போகும் ஆற்றில் ‘மொத்தம் இவ்வளவு’ என்பதை வைத்து என்ன செய்வது? எது எத்தனை பங்கு என்று அறியப் பல கண் அளவுள்ள வலைகளை விட்டுப் பார்த்தே ஆகவேண்டும்.

பிடித்த மீனை என்ன செய்கிறார்கள் என்பதிலும் நம்பிக்கை அடங்கியிருக்கிறது. பெத்தலில் சோதனை மீனை ஊர் மக்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். கனடாவின் ஃபிரேசர் ஆற்றில் நெடுங்காலம் சோதனைப் படகின் செலவையே அந்த மீனை விற்றுத்தான் ஈடுகட்டினார்கள். 2006-இல் ஒரு நண்டு வழக்கில், இப்படி மீனைக் கொடுத்து ஆய்வுக்குப் பணம் திரட்ட அமைச்சருக்கு அதிகாரமில்லை என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012-இல் சட்டத்தைத் திருத்தி அந்த வழியைத் திறந்துவிட்டார்கள். மீன் வராத வருஷத்தில் விற்க மீன் இருக்காது, பணமும் இருக்காது, சோதனையும் குறையும். மிகவும் தேவையான வேளையில் வற்றிப்போகும் வருமானத்தில் ஆய்வை நடத்துவது என் பார்வையில் அடிப்படையிலேயே தவறு. அந்த ஃபிரேசரில் 2009-இல் ஒரு கோடிக்கும் மேல் சாக்ஐ வரும் என்று முன்கணித்தார்கள். வந்தது 15 லட்சம் அளவில்தான். பருவத்துக்கு நடுவில் சோதனை வலையும் சோனாரும் இல்லாமல் முன்கணிப்பை மட்டும் நம்பித் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

குஸ்கோக்விமில் 2013-இல் மீன்பிடிப்பு பெரும்பாலும் திறந்தே இருந்தது. பருவம் முடிந்து கணக்குப் பார்த்தால், ஆற்றில் ஏறியது சுமார் 94,000 சினூக். அதில் பாதியை மக்கள் பிடித்திருந்தார்கள். முட்டையிடப் போனது 47,000 அளவில். குறைந்தது 65,000 போகவேண்டும் என்பது இலக்கு.

வலையால் சாகும் மீனைக் குறைக்க வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. சிறு கண் வலையில் மீன் செவுளில் இறுகாமல் மூக்கிலும் பல்லிலும் சிக்கும். வலை கிடக்கும் நேரத்தைக் குறைத்து, உடனே எடுத்து, ஓடும் தண்ணீருள்ள பெட்டியில் தெளியவைத்து விட்டால் பல மீன்கள் பிழைக்கும். ஆனால் வலையை மாற்றிய அன்றே 1984 முதல் வரும் தொடர்க்கணக்கு அறுந்துபோகும். பழையதையும் புதியதையும் சில வருஷம் அக்கம்பக்கமாக விட்டு, இரண்டுக்கும் விகிதம் கண்டபிறகே மாற்றவேண்டும்.

என்னைக் கேட்டால், சோதனை வலையில் போகும் மீனைவிட அது தரும் எண்ணை வைத்து என்ன செய்வோம் என்பதுதான் சண்டையின் வேர். எண் வந்த பிறகு கூடிப் பேசினால் வல்லவன் சொன்னது நடக்கும். ஜூன் 1-க்கு முன்பே விதியை எழுதிவிட வேண்டும்: மதிப்பீடு இந்த அளவுக்குக் கீழே இருந்தால் திறப்பு இல்லை, இதற்குமேல் போனால் 12 மணி நேரத் திறப்பு இத்தனை. ஆற்றின் உச்சிக்குப் போகிற மீன் முதலில் வருவதால், ஜூன் தொடக்கத்தில் மூடி வைப்பது எந்த வருஷமும் தளரக்கூடாது. அந்த நாட்களில் வெள்ளைமீன் பிடிக்க 4 அங்குலக் கண்ணுள்ள, 60 அடி நிலைவலையைக் கரையோரம் அனுமதிக்கலாம். ஒரே ஒரு 12 மணி நேரத் திறப்பில் ஆயிரக்கணக்கில் சினூக் போய்விடும் என்பதால், அன்றே விமானத்திலிருந்து படகுகளை எண்ணி, கரையில் ஒவ்வொருவர் பிடிப்பையும் கேட்டு, அடுத்த திறப்புக்கு முன் கூட்டிப் பார்க்கவேண்டும். 2015-இல் 33 பழங்குடிகள் சேர்ந்து அமைத்த ஆற்று மீன் ஆணையம் இந்த வேலையில் கைகோத்திருக்கிறது. கரையில் கேள்வி கேட்பவர் அதே ஊர்ப் பிள்ளையாக இருந்தால் சரியான பதில் வரும். சோதனைப் படகிலும் அதேபோல ஊர்க்காரர் ஒருவரை ஏற்றி, நேரமும் எண்ணிக்கையும் அவர் கையாலேயே எழுதட்டும்.

வணக்கம்.