கைபேசிப் பாடம்: ஆட்டு எடையிலிருந்து வங்கிக் கணக்கு வரை

நேயர்களுக்கு வணக்கம். மகளிர் குழுப் பெண்களுக்குக் கைபேசி வழியே பாடம் அனுப்பி, வீட்டில் அவர்கள் சொல்லுக்கு மதிப்பு கூட்டுவது எப்படி என்று இன்று பார்ப்போம்.

தேனி மாவட்டத்தில் 2009-ஐ ஒட்டிய ஆண்டுகளில், விடியல் என்ற மகளிர் குழுக் கூட்டமைப்பைச் சேர்ந்த பெண்கள் வங்கிக் கடன் வாங்கி ஆடு வளர்த்தார்கள். அந்தக் கடனில் ஆடுகளோடு ஒரு கைபேசியின் விலையும் அடங்கியிருந்தது. காமன்வெல்த் நாடுகளின் தொலைநிலைக் கல்வி நிறுவனமான காமன்வெல்த் ஆஃப் லேர்னிங் அமைப்பின் துணையோடு, ஆடு வளர்ப்புப் பாடங்கள் குரல் அழைப்பாகவே போனுக்கு வந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கேட்கலாம். மேய்ச்சல் காட்டிலிருந்தே கேட்கலாம். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, போன் அந்தப் பெண்ணின் கடனில் வாங்கியது என்பதுதான். பாடம் கேட்க அவர் வீட்டில் யாரிடமும் போனைக் கேட்டு நிற்க வேண்டியதில்லை.

எல்லாப் பெண்களுக்கும் அந்த வசதி வந்துவிடவில்லை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தாமே பயன்படுத்தும் கைபேசி உள்ள பெண்கள் இந்தியாவில் நூற்றுக்கு 54 பேர். தமிழ்நாட்டில் சுமார் 75 பேர். ஆகவே, உங்கள் ஊர்க் குழுவில் இப்படியொரு திட்டம் தொடங்கும்போது, உறுப்பினர் பட்டியலில் எண்ணை எழுதிக்கொள்வதோடு நிறுத்தாதீர்கள். சிம் யார் பெயரில் இருக்கிறது, ரீசார்ஜ் யார் செய்கிறார், மதியம் இரண்டு மணிக்கு அந்தப் போன் யார் கையில் இருக்கும் என்று கேளுங்கள். மகன் கல்லூரிக்கு எடுத்துப்போகும் போனுக்குப் பகலில் பாடம் அனுப்பிப் பயனில்லை. ரீசார்ஜ் கேள்விக்கும் காரணம் உண்டு: காலாவதியானால் உள்வரும் அழைப்பும் நின்றுவிடும். மூன்று பாடம் தொடர்ந்து ஒருவருக்குப் போய்ச் சேரவில்லை என்றால் குழுவை வழிநடத்தும் ஊக்குநர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

பாடம் 60 விநாடிக்குள் முடியட்டும். நிதானமாகப் பேசினால் ஏறக்குறைய 80 சொற்கள். ஒரே ஒரு செய்தி. முதல் ஐந்து விநாடியில் குழுவின் பெயரும் பேசுகிறவர் பெயரும் வந்துவிட வேண்டும். தெரியாத எண்ணிலிருந்து மனைவிக்கு அடிக்கடி அழைப்பு வந்தால் வீட்டில் சந்தேகம் கிளம்பும், அடி உதைகூட நடக்கும். அதனால் முதல் அழைப்புக்கு முன்பே வீட்டாரையும் வைத்து ஒரு கூட்டம் போட்டு, அந்த எண்ணைக் குழுவின் பெயரில் எல்லார் போனிலும் பதிந்து கொடுங்கள்.

பாட முடிவில் 'ஒன்றை அழுத்துங்கள், இரண்டை அழுத்துங்கள்' என்று கேள்வி வைப்பது வழக்கம். பட்டன் போனில் அது எளிது. தொடுதிரை போனைக் காதில் வைத்திருக்கும்போது திரை அணைந்திருக்கும். காதிலிருந்து எடுத்து, எண் பலகையின் படத்தைத் தொட்ட பிறகுதான் எண்களே தெரியும். அதற்குள் நேரம் முடிந்து அழைப்பு துண்டிக்கப்படும். பதில் சொல்ல 15 விநாடியாவது கொடுங்கள். அதை முதல் கூட்டத்திலேயே ஒவ்வொருவர் கையிலும் போனைக் கொடுத்துப் பழக்குங்கள்.

சரி, என்ன சொல்லிக் கொடுப்பது? 'ஆணும் பெண்ணும் சமம்' என்று 60 விநாடி உபதேசம் செய்தால் யாரும் இரண்டாம் முறை எடுக்க மாட்டார்கள். ஆட்டின் எடையிலிருந்து தொடங்குங்கள். குட்டியிலிருந்து வளர்ப்பது பெண், வியாபாரியிடம் விலை பேசுவது ஆண் என்றே பல வீடுகளில் நடக்கிறது. வியாபாரி ஆட்டின் இடுப்பைப் பிடித்துப் பார்த்து, '7,000 தருகிறேன்' என்பார். குழுவில் ஒரு தொங்கு தராசு இருந்து, ஆடு 22 கிலோ என்று தெரிந்தால்? உயிர் எடை கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், 8,800 ரூபாய். அந்த 1,800 ரூபாய் வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லும் பெண்ணை அடுத்த விற்பனையின்போது வீட்டில் கூப்பிட்டுக் கேட்பார்கள். குடற்புழு நீக்கம், ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி போன்ற பாடங்களை ஸ்பீக்கரில் போட்டு வீட்டு ஆண்களும் கேட்கச் சொல்லுங்கள். நல்ல ஆலோசனை யார் போனில் வருகிறது என்று அவர்களும் அறியட்டும்.

அடுத்தது பணம். கணக்கு மனைவி பெயரில் இருக்கும். வங்கியில் கொடுத்த எண் கணவருடையதாக இருக்கும். 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை வருகிறதே, அது வந்த குறுஞ்செய்தியை யார் முதலில் பார்க்கிறார்? ஓடிபியும் அந்த எண்ணுக்குத்தான் போகும். ஆதார், பாஸ்புக் இரண்டையும் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய்த் தன் எண்ணை மாற்றிக்கொள்வதை ஒரு பாடமாகவே வையுங்கள். பதிவு செய்த மறுவாரம், குறுஞ்செய்தி வந்ததா என்று கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. குடும்ப வன்முறை பற்றிய பாடத்தை ஒருபோதும் தானாகப் போகும் அழைப்பாக அனுப்பாதீர்கள். போனை எடுப்பது அடிப்பவராகவே இருக்கலாம். அந்தப் பாடத்தை, பெண் தானாக அழைத்துக் கேட்கும் எண்ணில் வையுங்கள். 181 மகளிர் உதவி எண்ணையும், அழைத்த விவரத்தைப் போனிலிருந்து அழிக்கும் விதத்தையும் குழுக் கூட்டத்தில் நேரில் சொல்லிக் கொடுங்கள்.

ஆறு மாதம் கழித்து, எத்தனை அழைப்பு எடுக்கப்பட்டது என்ற கணக்கு மட்டும் போதாது. கடைசியாக விற்ற ஆட்டுக்கு விலை பேசியது யார், பணம் எந்தக் கணக்கில் விழுந்தது, குறுஞ்செய்தி எந்தப் போனுக்கு வந்தது என்று வீடு வீடாகக் கேட்டு, இதே கேள்விகளுக்குத் தொடக்கத்தில் கேட்டு எழுதி வைத்த பதில்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பதில் மாறாத வீடுகளில் பெரும்பாலும் போன் இன்னும் அந்தப் பெண்ணின் கைக்கு வந்திருக்காது. அங்கே அடுத்த குழுக் கடனில் போனையும் சேர்க்கலாம்.

வணக்கம்.