மேஜர் சரவணன் ஏன் உடனே ஊர் திரும்பல?

எல்லாருக்கும் வணக்கம். மே 29 வந்தா, 1999 கார்கில் போர்ல அதே நாள்ல உயிர்விட்ட மேஜர் சரவணனுக்கு திருச்சில இருக்கற நினைவுத்தூண்ல மாலை போடுவாங்க, ரெண்டு நிமிஷம் நிப்பாங்க, அதோட சரி, கலைஞ்சு போயிடுவோம். இன்னைக்கு இங்க இவ்வளவு பிள்ளைங்க வந்திருக்கீங்க, அதனால அன்னைக்கு அந்த மலைல என்னதான் நடந்துச்சுன்னு கொஞ்சம் நிதானமா சொல்லணும்னு நினைக்கிறேன்.

1999 மே மாச ஆரம்பத்துல, வடக்கே எல்லையோரம் கார்கில் பகுதில இருக்கற படாலிக் பக்கத்துல, காணாம போன யாக் மாட்டைத் தேடிப்போன ஒரு மேய்ப்பர்தான் மேல யாரோ ஆளுங்க இருக்காங்கன்னு பாத்துட்டு வந்து ராணுவத்துக்குச் சொன்னாரு. முதல்ல ஏதோ கொஞ்சம் தீவிரவாதிங்கன்னுதான் நினைச்சாங்க. போகப்போகத்தான் தெரிஞ்சுது, பாகிஸ்தான் ராணுவமே வந்து கல்லை அடுக்கி பங்கர் கட்டி மிஷின் கன்னோட உக்காந்திருக்குன்னு.

அந்த படாலிக்ல ஜூபர்னு ஒரு மலை, 14 ஆயிரம் அடிக்கு மேல. பீகார் ரெஜிமெண்ட்டோட முதல் பட்டாலியன்ல இருந்த நம்ம சரவணனுக்கு அப்ப 26 வயசு. பிறந்தது ராமேஸ்வரம், வளர்ந்தது திருச்சி, அப்பாவும் ராணுவத்துல டாக்டரா இருந்தவர். ஆனா அவரோட போன பசங்கள்ல நிறைய பேர் பீகார்க்காரங்க. கம்பராமாயணம் தெரிஞ்ச ஊர்ப்பையன் ஒருத்தன் துளசிதாசரோட ராமாயணம் தெரிஞ்ச ஊர்ப்பசங்களை நம்பி, அவங்களும் இவனை நம்பி, ராத்திரி இருட்டுல அந்த மலைல ஏறினாங்க, எனக்கு இந்தக் கதைல முதல்ல மனசுல நிக்கறது இதுதான்.

மலைச்சண்டைய நாம சமவெளிக் கணக்குல பாக்கக்கூடாது. மேல இருக்கறவன் கல்லுக்குப் பின்னாடி பத்திரமா உக்காந்திருப்பான், கீழ இருந்து ஏறறவனுக்கு மூச்சு வாங்கும், முதுகுல சுமை, ஒதுங்க ஒரு மரம் கிடையாது, ஒரு புதர் கிடையாது, விடியறதுக்குள்ள போய்ச் சேரலன்னா வெளிச்சத்துல அத்தனை பேரும் மேல இருக்கறவன் கண்ணுல பட்டுடுவாங்க. அன்னைக்கும் விடியற நேரம்தான். சரவணன் ராக்கெட் லாஞ்சரால ஒரு பங்கரை அடிச்சாரு, அவருக்கும் அடிபட்டுது, பின்னாடி வரல, திரும்பவும் முன்னாடிதான் போனாரு. அங்கயே உயிர் போச்சு. நாயக் பதவில இருந்த கணேஷ் பிரசாத் யாதவ்னு ஒரு வீரரும் அதே ரெஜிமெண்ட், அதே நாள், அதே சண்டைல போயிட்டாரு. ரெண்டு பேருக்கும் அப்புறம் போர்ல காட்டின வீரத்துக்கான வீர் சக்ரா விருது கொடுத்தாங்க.

பிள்ளைங்க என்கிட்ட அடிக்கடி கேக்கற கேள்வி ஒண்ணு இருக்கு, உடம்பை ஏன் உடனே கொண்டு வரலன்னு. கொண்டு வர முடியல கண்ணுங்களா. உடம்பு கிடந்த இடம் எதிரி துப்பாக்கிக்கு நேர் கீழ, தொடப்போனா இன்னும் நாலு பேர் விழுவாங்க. ஜூலை மாசம் அந்த மலையவே மீட்ட பிறகுதான் அவரைக் கீழ இறக்க முடிஞ்சுது. ஒரு மாசத்துக்கு மேல! நம்ம வீட்ல ஒரு சாவுன்னா அன்னைக்கே எடுக்கணும், மறுநாள் பால் ஊத்தணும்னு பரபரன்னு இருப்போம், சரவணனோட அம்மா புள்ள போயிட்டான்னு தெரிஞ்சும் அவன் முகத்தைப் பாக்க முடியாம மே போய் ஜூன் முழுக்கப் போய் ஜூலை வர்ற வரைக்கும் உக்காந்திருந்தாங்க. வீரம்னு நாம பேசும்போது இந்த நாளுங்களையும் அதுல சேர்க்கணும்னு நான் உறுதியா நம்பறேன், ஏன்னா மலைல சண்டை ஒரு ராத்திரி, வீட்ல அது முடியவே இல்ல.

கார்கில்ல நம்ம பக்கம் 527 பேர் போனாங்க. ஆகஸ்ட் 10 வந்திருந்தா சரவணனுக்கு 27 முடிஞ்சிருக்கும்.

அடுத்த தடவை கண்டோன்மென்ட் பக்கம் போனா பஸ்ல இருந்து எட்டிப் பாத்துட்டுப் போகாம இறங்கிப் போய் அந்தத் தூண்கிட்ட நில்லுங்க. சரவணன் பேரைச் சொல்லும்போது கணேஷ் பிரசாத் யாதவ் பேரையும் சேர்த்துச் சொல்லுங்க, அந்த மலைல அவங்க தனித்தனியா ஏறல. வணக்கம்.