இங்கிலாந்து சின்ன ஊர்ல நம்மளை வெறுக்கிறாங்களா? பாஸ்டன் சந்தையில இருந்து பேசறேன்

வணக்கம் மக்களே. திருநெல்வேலியில இருந்து ஒரு அம்மா எழுதியிருந்தாங்க. "என் பொண்ணு நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்துல ஒரு சின்ன ஊருக்கு வர்றா தம்பி. டிவியில கொடியும் கையுமா ஊர்வலம் காட்டுறாங்க. நம்ம ஆளுங்களை அங்க வெறுக்கிறாங்களா?"ன்னு. அந்த அம்மாவுக்குப் பதில் சொல்லத்தான் லெஸ்டர்ல இருந்து காரை எடுத்துட்டு பாஸ்டன் வந்திருக்கேன். அமெரிக்கா பாஸ்டன் இல்லீங்க, லிங்கன்ஷயர்ல இருக்கிற பாஸ்டன். அந்த அமெரிக்க ஊருக்கே பேரு இங்க இருந்து போனதுதான்.

பின்னாடி கோபுரம் தெரியுதா? செயின்ட் போட்டால்ஃப் சர்ச். ஊர்க்காரங்க 'ஸ்டம்ப்'னு சொல்லுவாங்க. 80 மீட்டருக்கு மேல உசரம். சுத்துவட்டாரத்துல ஒரு குன்று கூட கிடையாது, அதனால பல மைல் தள்ளி வரும்போதே தெரியும். எல்லாம் சதுப்பு நிலத்தை வடிச்சு எடுத்த வயக்காடு. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், லீக், உருளைக்கிழங்கு. லண்டன்ல சூப்பர் மார்க்கெட்ல நம்ம எடுக்கிற காய் நிறைய இந்தப் பக்கத்துல இருந்து வர்றதுதான்.

ஏன் இந்த ஊருக்கு வந்தேன்னா, 2016ல ஐரோப்பிய யூனியன்ல இருந்து வெளிய வரணுமான்னு ஓட்டெடுப்பு வந்துச்சு இல்லையா, அதுல நாடு முழுக்க 'வெளிய வா'ன்னு சொன்னவங்க 51.9 சதவீதம். பாஸ்டன்ல 75.6 சதவீதம். பிரிட்டன்லயே அதுதான் அதிகம்.

அதுக்கு முன்னாடி நடந்ததைப் பாக்கணும். 2004ல போலந்து, லிதுவேனியா, லாட்வியா எல்லாம் ஐரோப்பிய யூனியன்ல சேர்ந்தாங்க. ஏற்கனவே யூனியன்ல இருந்த நாடுகள்ல பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மூணு மட்டும்தான் முதல் நாள்ல இருந்தே 'வந்து வேலை பாருங்க'ன்னு கதவைத் திறந்துச்சு. ஜெர்மனி, பிரான்ஸ் எல்லாம் சில வருஷம் கழிச்சுத்தான். அரசாங்கத்துக்குக் குடுத்த கணிப்புல வருஷத்துக்கு அதிகபட்சம் 13,000 பேர் வருவாங்கன்னு இருந்துச்சு. வந்தது லட்சக்கணக்குல. அதுல நிறைய பேருக்கு வேலை கிடைச்ச இடம் இந்த வயக்காடும், காய் கழுவி பாக்கெட் போடுற ஷெட்டும்தான். 2001ல இந்த ஊர்ல 56,000 பேர் கூட இல்ல. 2011ல 64,600. அந்தக் கணக்கெடுப்புப்படி பத்துல ஒருத்தர் கிழக்கு ஐரோப்பாவுல பிறந்தவர். பத்தே வருஷத்துல. லெஸ்டர்ல, லண்டன்ல இது ரெண்டு மூணு தலைமுறையா நடந்த கதை.

இப்ப இந்த வெஸ்ட் ஸ்ட்ரீட்ல நடக்கிறேன் பாருங்க. லிதுவேனியா கடை, போலந்து கடை, ருமேனியா கடை. ஜன்னல்ல ஊறுகாய் பாட்டில், புகை போட்ட மீன், கம்பு மாதிரி கறுப்பா ஒரு ரொட்டி. எனக்கு இந்தத் தெருவைப் பாத்தா சந்தோஷமா இருக்கு. ஆனா அறுபது வருஷமா இங்கயே இருக்கிறவங்களுக்கு எப்படி இருக்கும்?

காலையில சந்தையில ஒரு பாட்டிகிட்ட பேசினேன். முகம் காட்ட வேண்டாம்னுட்டாங்க, அதனால பேசினதை மட்டும் சொல்றேன். சின்ன வயசுல அவங்களும் வயல்ல காலிஃபிளவர் வெட்டப் போனவங்கதான். பொம்பளைங்க பத்துப் பதினஞ்சு பேர் சேர்ந்து வேன்ல போவாங்களாம். கையை விரிச்சுக் காட்டினாங்க. கட்டை விரல் ஓரத்துல பழைய கத்தி வெட்டு, தழும்பு அப்படியே இருக்கு. "பனியில இலை கண்ணாடி மாதிரி இருக்கும், வெட்டினதே தெரியாது, ரத்தம் வந்தாத்தான் தெரியும்"னாங்க. அப்புறம் சொன்னாங்க, "வந்தவங்க மேல எனக்குக் கோவம் இல்ல. எங்ககிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல. டாக்டரைப் பாக்க வாரக்கணக்குல காத்திருக்கணும். என் தெருவுல ஒரு குடும்பம் இருந்த வீட்டுல ரூம் ரூமா பிரிச்சு பத்து பேரை வச்சு வாடகை வாங்குறான். அந்த வீட்டுக்காரன் இந்த ஊர்க்காரன்தான்." பக்கத்து வீட்டு லிதுவேனியாப் பொண்ணு மேல அவங்களுக்கு அவ்வளவு பாசம், ஆஸ்பத்திரிக்கு அவங்களைக் கூட்டிட்டுப் போறதே அந்தப் பொண்ணுதானாம். ஆனா ஓட்டு? 'வெளிய வா'ன்னுதான் போட்டிருக்காங்க. திரும்ப வந்தாலும் அப்படியேதான் போடுவேன்னாங்க.

இதைத்தான் நான் இந்த வீடியோவுல சொல்ல வந்தேன். கோவம் பிறக்கிற இடம் ஒண்ணு, அது போய் விழுற இடம் இன்னொண்ணு. டாக்டர் கிடைக்காதது, வீடு கிடைக்காதது, கூலி ஏறாதது, அங்கதான் கோவம் பிறக்குது. அதுக்கெல்லாம் பொறுப்பானவங்க லண்டன்ல இருக்காங்க. கண்ணு முன்னாடி இருக்கிறது வயலுக்குப் போற வேன் மட்டும்தான்.

ஒரு விஷயம் இங்க நிறைய பேருக்கு மறந்து போச்சு. 2009ல அப்ப பிரதமரா இருந்த கார்டன் பிரவுனோட அரசாங்கம் ஒரு நிதி ஆரம்பிச்சுச்சு. விசா கட்டணத்தோட நம்மள மாதிரி ஆளுங்க கூடுதலா கட்டின காசு அது. திடீர்னு ஆள் பெருகின ஊருக்குப் பள்ளிக்கூடம், டாக்டர், போலீஸ்னு குடுக்கணும்னுதான் வச்சாங்க. அடுத்த வருஷமே புது அரசாங்கம் வந்து அதை மூடிட்டாங்க. நாடு முழுக்கப் பாத்தா அது ஒண்ணும் பெரிய தொகை இல்ல, ஒத்துக்கிறேன். ஆனா அதையும் மூடினவங்களே அப்புறம் மேடை ஏறி 'குடியேறிகளால ஊர் தாங்கல'ன்னு பேசும்போது எனக்கு வயிறு எரியுது.

சரி, ஐரோப்பிய யூனியனை விட்டு வெளிய வந்த பிறகு குடியேறுறவங்க எண்ணிக்கை குறைஞ்சுச்சா? இல்ல. ஐரோப்பாக்காரங்க குறைஞ்சாங்க, இந்தியா, நைஜீரியால இருந்து நம்ம எல்லாம் வந்தோம். 2023 ஜூன் வரைக்குமான ஒரு வருஷத்துல, வந்தவங்க கணக்குல இருந்து போனவங்களைக் கழிச்சாலே 9 லட்சத்துக்கு மேல. அதுக்கப்புறம்தான் விதியை இறுக்கி, எண்ணிக்கை வேகமா இறங்குச்சு. வயலுக்கு இப்ப உஸ்பெகிஸ்தான், கிர்கிஸ்தான்ல இருந்து ஆறு மாச விசாவுல ஆள் வர்றாங்க. ஆறு மாசம் கேரவன்ல தங்கி, வெட்டி முடிச்சுட்டுக் கிளம்பிடணும். பாட்டிக்குப் பக்கத்து வீட்டுல ஒரு லிதுவேனியாப் பொண்ணு கிடைச்ச மாதிரி இவங்க யாருக்கும் பக்கத்து வீடே அமையாது. நம்பி ஓட்டுப் போட்டு ஏமாந்த கோவம்தான் நீங்க டிவியில பாக்கிற கொடியில பாதி. மீதிப் பாதியில உண்மையான இனவெறி இருக்கு. அதையும் மறைக்க மாட்டேன்.

2024 ஜூலையில சவுத்போர்ட்ல டான்ஸ் வகுப்புக்குப் போன மூணு குழந்தைகளைக் கொன்னாங்க. செஞ்சவன் படகுல வந்த அகதின்னு இன்டர்நெட்ல பொய் பரவுச்சு. அவன் பிறந்தது கார்டிஃப்ல. மறுநாளே கும்பல் அந்த ஊர் மசூதி மேல கல்லெறிஞ்சுது. கல் எங்க இருந்து? பக்கத்து வீடுகளோட காம்பவுண்டுச் சுவரை இடிச்சு எடுத்த செங்கல். அந்த வாரம் நான் கடைக்குப் போகும்போதெல்லாம் திரும்பித் திரும்பிப் பாத்தேன், உண்மையைச் சொல்றேன். ஆனா அடுத்த நாள் காலையில ஊர் சனங்க விளக்கமாறோட வந்து தெருவைக் கூட்டினாங்க, கொத்தனாருங்க வந்து சுவரைத் திரும்பக் கட்டினாங்க. அந்த அம்மாவுக்குச் சொல்றேன், ரெண்டுமே இந்த நாடுதான்.

கில்ட்ஹால் உள்ள வந்துட்டேன், இந்த ஊரோட பழைய மன்றக் கட்டடம். இந்த ரூமைப் பாருங்க. இரும்புக் கம்பி, ஆள் நிமிர்ந்து நிக்கக் கூட இடம் பத்தாது. 1607ல மதத்துக்காகக் கெடுபிடி தாங்காம ஒரு கூட்டம் ஹாலந்துக்குத் தப்பிக்கப் பாத்துச்சு. அரசன் அனுமதி இல்லாம நாட்டை விட்டுப் போறது அப்பக் குற்றம். கப்பல்காரனுக்குக் காசு குடுத்தாங்க. அவனே காட்டிக் குடுத்துட்டான். இருந்ததைப் பிடுங்கிட்டு இந்த ஊர்ல கொண்டு வந்து அடைச்சாங்க. அவங்கள்ல சிலர்தான் பின்னாடி மேஃப்ளவர் கப்பல்ல அமெரிக்கா போனவங்க. அவங்களைத்தான் 'பில்கிரிம்'னு சொல்வாங்க, இந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் பேரே 'பில்கிரிம்', அவங்க ஞாபகமா.

இதைப் பாத்ததும் எனக்கு நம்ம ஆளுங்க நினைப்பு வந்துச்சு. லண்டன்ல ஒரு கோவில் திருவிழா, அன்னதான வரிசையில ரெண்டு பேர் பேசிக்கிட்டிருந்தாங்க. "படகுல வர்றவங்களை எல்லாம் கடல்லயே திருப்பி அனுப்பணும்." கேட்டதும் எனக்கு மனசு கஷ்டமாயிடுச்சு. காமன்வெல்த் நாடுகள்லயே முதல்ல விசா கட்டாயமாக்கினது இலங்கைக்காரங்களுக்குத்தான், 1985ல. தமிழருங்க அகதியா வர்றாங்கன்னுதான். 1987 பிப்ரவரியில ஹீத்ரோ விமான நிலையத்துல திருப்பி அனுப்பப் பாத்தப்ப நம்ம இளைஞருங்க அந்தக் குளிர்ல சட்டை, பேன்ட்டைக் கழட்டிப் போட்டு நின்னாங்க. அதே வருஷம் ஹார்விச் துறைமுகத்துல 'ஏர்ல் வில்லியம்'னு ஒரு பழைய கப்பலை நிறுத்தி அதுல அடைச்சு வச்சாங்க, அதுலயும் தமிழருங்கதான் நிறைய. அக்டோபர் புயல்ல அந்தக் கப்பல் கயிறு அறுத்துக்கிட்டு அடிச்சுட்டுப் போய் மணல்திட்டுல நின்னுச்சு. 2023ல போர்ட்லண்ட்ல மிதவைக் கப்பல்ல அகதிகளை வச்சாங்களே, அதுக்கு 36 வருஷம் முன்னாடியே நம்ம அண்ணன்மாருக்கு அது நடந்திருக்கு. யாழ்ப்பாணத்து அண்ணன்மாரே, அக்காமாரே, உங்க மேல மரியாதை வச்சுத்தான் கேக்கிறேன், இந்தக் கதையைப் பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க. ஏற்கனவே வந்து செட்டில் ஆன இந்தியத் தமிழர் நமக்கும் இதே பேச்சு வாயில வருது. அது வேண்டாம்.

ஓல்டம்னு மான்செஸ்டர் பக்கத்துல ஒரு ஊர் இருக்கு. பஞ்சாலை ராத்திரி ஷிஃப்ட்டுக்குன்னு பாகிஸ்தான், பங்களாதேஷ்ல இருந்து வந்தவங்க ஒரு பக்கம், வெள்ளைக்காரங்க இன்னொரு பக்கம், ஒரே ஊர்ல தனித்தனியா வாழ்ந்தாங்க. 2001ல கலவரம் வெடிச்சுச்சு. பின்னாடி, பெரும்பாலும் வெள்ளைப் பிள்ளைங்க படிச்ச ஒரு பள்ளியையும் பெரும்பாலும் ஆசியப் பிள்ளைங்க படிச்ச ஒரு பள்ளியையும் சேர்த்து 2010ல வாட்டர்ஹெட் அகாடமின்னு ஒண்ணாக்கினாங்க. அடிதடி ஆகும்னு பெத்தவங்க பயந்தாங்க. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளருங்க வருஷக்கணக்குல போய்ப் பாத்ததுல, ஒருத்தர் மேல ஒருத்தருக்கு இருந்த பயம் குறைஞ்சு ஒட்டுதல் கூடியிருந்துச்சு. மெதுவாத்தான் ஆச்சு, ஆனா ஆச்சு.

அதனால அம்மா, உங்க பொண்ணு தைரியமா வரட்டும். வந்ததும் நம்ம ஆளுங்க இருக்கிற வாட்ஸ்ஆப் குரூப்போட நிறுத்திக்க வேண்டாம், வார்டுல கூட வேலை பாக்கிறவங்களோட டீ குடிக்கட்டும், சந்தைக்குப் போகட்டும். நோயாளி யாராவது நிறத்தைச் சொல்லித் திட்டினா பொறுத்துக்கிட்டு இருக்க வேண்டாம். உடனே வார்டு மேனேஜர்கிட்ட சொல்லணும். 2020ல இருந்தே இனவெறியாப் பேசுற நோயாளிக்கு, உயிருக்கு ஆபத்து இல்லாத பட்சத்துல, சிகிச்சை இல்லைன்னு சொல்ல என்எச்எஸ், அதாவது அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு அதிகாரம் இருக்கு. தெருவுல நடந்தா போலீசுக்கு 101ல போன் பண்ணலாம். அவசரம்னா 999.

கடைசியா ஒண்ணு, இங்க வந்துட்ட எல்லாருக்கும். 2016 ஓட்டெடுப்புல இந்த வெஸ்ட் ஸ்ட்ரீட் லிதுவேனியாக் கடைக்காரருக்கு ஓட்டு இல்ல. அவரைப் பத்தித்தான் ஊரே பேசுச்சு, அவரால ஒரு வார்த்தை சொல்ல முடியல. ஆனா இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வச்சிருக்கிற நமக்கு ஓட்டு இருந்துச்சு, இப்பவும் இருக்கு. காமன்வெல்த்காரங்க செல்லுபடியாகுற விசாவுல இங்க குடியிருந்தா, பதினெட்டு வயசு ஆகியிருந்தா, கவுன்சில் தேர்தல் (நம்ம ஊர் உள்ளாட்சித் தேர்தல் மாதிரி), பார்லிமென்ட் தேர்தல் ரெண்டுலயும் ஓட்டுப் போடலாம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வேண்டியதில்ல. அரசாங்க வெப்சைட்லயே பதிஞ்சுக்கலாம், கொஞ்ச நேர வேலை. கவுன்சில் டாக்ஸ் கட்டுறோமே, அதுவே பதிவுன்னு நினைச்சுடாதீங்க, இது தனி. லிங்க் கீழ போட்டிருக்கேன். பதிஞ்சவங்க எந்த ஊர்னு மட்டும் கமென்ட்ல போடுங்க, உங்க ஊர்ல கவுன்சிலர் யாரு, மக்களைப் பாக்க எப்ப உட்காருவாங்கன்னு அடுத்த வீடியோவுல தேடிப் பாக்கலாம்.